வளையாத வங்கப் புலி

1923-ம் ஆண்டு மார்ச் மாதம். கல்கத்தா நகரில் பவானிபூர் என்ற பகுதி. அங்கே ஒரு பெரிய வீடு. வீடு முழுவதும் புத்தகங்கள். அந்த வீட்டுக்கு ஒரு கடிதம் வந்தது. எழுதியவர் சாமானியர் அல்ல. வங்காள மாகாணத்தின் கவர்னர் லிட்டன் பிரபு.

கடிதத்தின் சாரம் இதுதான்: கல்கத்தா சர்வகலாசாலையின் துணைவேந்தர் பதவியை உங்களுக்கே மறுபடியும் தரலாம் என்று எண்ணுகிறேன். ஆனால் நீங்கள் இதுவரை சர்க்காரை எதிர்த்து வந்திருக்கிறீர்கள். இனி எதிர்க்கமாட்டேன், ஒத்துழைப்பேன் என்று உறுதிமொழி கொடுத்தால் பதவி உங்களுடையது.

அந்தக் காலத்தில் ஒரு மாகாண கவர்னரின் தயவு கிடைத்தால் போதும் என்று தவம் கிடந்தவர்கள் பலர். கவர்னர் மாளிகையின் வாசலில் கார் நிறுத்த இடம் கிடைத்ததையே பெருமையாகச் சொல்லிக் கொண்டவர்களும் உண்டு. ஆனால் இந்தக் கடிதத்தைப் பெற்றவர் வேறு ரகம். அகன்ற மார்பு, அடர்ந்த பெரிய மீசை, கூர்மையான பார்வை. வங்காள மக்கள் அவரைப் புலி என்றே அழைத்தார்கள். அந்தப் புலி என்ன பதில் எழுதியது? அதைத் தெரிந்துகொள்ளும் முன், அவர் யார் என்று பார்ப்போம்.

அவர்தான் ஸர் ஆசுதோஷ் முகர்ஜி.

வைத்தியர் மகன்

ஆசுதோஷ் 1864-ம் ஆண்டு ஜூன் 29-ந் தேதி கல்கத்தாவில் பிறந்தார். தந்தை கங்கா பிரசாத் ஒரு டாக்டர். தாயார் பெயர் ஜகத்தாரிணி தேவி. பூர்வீகம் ஹூக்ளி ஜில்லாவிலுள்ள ஜிராட் என்ற கிராமம்.

தந்தைக்கு மகனுடைய படிப்பில் அபாரமான அக்கறை. நோயாளிகளைப் பார்த்துவிட்டு வந்த நேரம் போக, மகன் என்ன படித்தான், எவ்வளவு படித்தான் என்று கேட்பதே அவருக்கு வேலை. பையனுக்கும் புத்தகம் என்றால் உயிர். ஒரு நாள் புத்தகக் கடையில் சிறுவன் ஆசுதோஷைக் கண்ட பெரியவர் ஈசுவர சந்திர வித்யாசாகர், அவனுக்கு ராபின்ஸன் குரூஸோ கதைப் புத்தகத்தை வாங்கிக் கொடுத்தார் என்று வங்காளத்தில் சொல்லுவார்கள்.

1879-ல் பிரவேசப் பரீட்சையில் இரண்டாவதாகத் தேறினார். பிறகு பிரஸிடென்ஸி கல்லூரியில் சேர்ந்தார். அங்கே அவர் மனத்தைக் கவர்ந்தது கணிதம். யூக்ளிட் என்ற பழைய கிரேக்க அறிஞரின் க்ஷேத்திர கணிதத்தில் ஒரு தேற்றத்துக்குப் புதிய நிரூபணம் ஒன்றைக் கண்டார். 1881-ல் அது இங்கிலாந்தில் கணிதப் பத்திரிகை ஒன்றில் அச்சாகி வந்தது. அப்போது அவர் மீசை அரும்பாத கல்லூரிப் பையன்!

1885-ல் கணிதத்தில் எம்.ஏ. மறு வருஷமே பௌதிகத்தில் இன்னொரு எம்.ஏ. அதே 1886-ல் பிரேம்சந்த் ராய்சந்த் உபகாரச் சம்பளமும் கிடைத்தது. கல்கத்தா சர்வகலாசாலையில் அதைவிடப் பெரிய மாணவர் கௌரவம் அப்போது கிடையாது.

இவ்வளவு கணிதம் படித்தவர் கணிதப் பேராசிரியர் ஆகியிருக்க வேண்டாமா? ஆகவில்லை. அன்றைய அரசாங்கக் கல்லூரிகளில் வெள்ளைக்காரப் பேராசிரியர் ஒரு படி, இந்தியர் ஒரு படி. சம்பளம் வேறு, அந்தஸ்து வேறு. அந்தக் கீழ்ப்படியில் போய் உட்கார ஆசுதோஷின் மனம் ஒப்பவில்லை. சட்டம் படித்தார். 1888-ல் ஹைக்கோர்ட் வக்கீல் ஆனார். 1894-ல் சட்டத்தில் டாக்டர் பட்டம் பெற்றார். 1904-ல் ஹைக்கோர்ட் நீதிபதியாக நியமிக்கப்பட்டார். பத்தொன்பது வருஷம் அந்த ஆசனத்தில் இருந்தார். 1920-ல் சில காலம் தற்காலிகப் பிரதம நீதிபதியாகவும் இருந்தார்.

தாய் சொல்லைத் தட்டாதவர்

ஆசுதோஷின் பிடிவாதத்தைப் பற்றி வங்காளத்தில் பல கதைகள் உண்டு. அவற்றில் இரண்டைச் சொல்லாமல் விட முடியாது.

வைஸ்ராய் கர்ஸன் பிரபு ஆசுதோஷை இங்கிலாந்துக்கு அனுப்ப விரும்பினாராம். இந்தியாவின் படித்த வர்க்கம் எப்படி இருக்கிறது என்று இங்கிலாந்துக்காரர்கள் பார்க்கட்டும் என்பது அவர் எண்ணம். கடல் கடந்து போகத் தாயார் சம்மதிக்கவில்லை. ஆசுதோஷ் அதை வைஸ்ராயிடம் சொன்னார். வைஸ்ராயின் கட்டளை இது என்று தாயாரிடம் போய்ச் சொல்லும்படி கர்ஸன் சொன்னார். தாயைத் தவிர வேறு யாருக்கும் தமக்குக் கட்டளையிட உரிமை இல்லை என்று தாயார் சார்பில் பதில் சொல்லிவிட்டுத் திரும்பினார் ஆசுதோஷ்.

இன்னொன்று ரயில் கதை. முதல் வகுப்பில் அவர் தூங்கிக் கொண்டிருந்தபோது, உடன் வந்த வெள்ளைக்காரர் ஒருவர் அவருடைய செருப்பை ஜன்னல் வழியே வீசிவிட்டார். விழித்தெழுந்த ஆசுதோஷ் ஒன்றும் பேசவில்லை. துரை தூங்கும் வரை காத்திருந்து, அவருடைய கோட்டை எடுத்து வெளியே போட்டுவிட்டார். துரை எழுந்து கோட்டைக் காணோமே என்று கூச்சலிட்டபோது, அது என் செருப்பைத் தேடிக்கொண்டு போயிருக்கிறது என்று சாவதானமாகச் சொன்னாராம்.

இந்தக் கதைகளில் எவ்வளவு நிஜம், எவ்வளவு ஜோடனை என்று ஆராய்வதால் பயனில்லை. ஒருவரைப் பற்றி ஜனங்கள் எப்படிப்பட்ட கதையைச் சொல்லுகிறார்களோ, அதிலிருந்தே அவர் எப்படிப்பட்டவர் என்று தெரிந்துவிடும்.

ஆனால் அடுத்தது கதை அல்ல, நடந்தது. அவருடைய மகள் கமலா சின்னஞ்சிறு வயதிலேயே கணவனை இழந்தாள். வைதிகப் பிராமணக் குடும்பம். விதவைக்கு மறுமணம் என்றால் ஊரே திரண்டு எதிர்க்கும் காலம். ஆசுதோஷ் அஞ்சவில்லை. 1908-ல் மகளுக்கு மறுமணம் செய்துவைத்தார். உற்றார் உறவினர் பலர் முகம் திருப்பிக் கொண்டார்கள். துரதிருஷ்டம், அந்தக் கணவரும் நெடுநாள் வாழவில்லை. கமலாவும் 1923-ல் தந்தைக்கு முன்பே மறைந்தாள். மகளின் நினைவாகச் சர்வகலாசாலையில் கமலா சொற்பொழிவு என்று ஒரு ஏற்பாட்டைத் தந்தை செய்துவைத்தார். நம் வலங்கைமான் சீனிவாச சாஸ்திரியார் பிற்பாடு அந்த மேடையில்தான் குடிமக்களின் உரிமைகளையும் கடமைகளையும் பற்றிப் பேசினார்.

பரீட்சை நடத்தும் ஆபீஸ்

இனி நம் விஷயத்துக்கு வருவோம். கல்கத்தா, பம்பாய், சென்னை ஆகிய மூன்று நகரங்களிலும் 1857-ம் ஆண்டில் சர்வகலாசாலைகள் தோன்றின. பெயர்தான் சர்வகலாசாலை. அங்கே பாடம் சொல்லிக் கொடுப்பது கிடையாது. ஆராய்ச்சி கிடையாது. கல்லூரிகளில் படித்த பிள்ளைகளுக்குப் பரீட்சை வைத்துப் பட்டம் கொடுப்பதே வேலை. ஒரு பெரிய பரீட்சை ஆபீஸ் என்று சொன்னால் தவறில்லை.

1904-ல் கர்ஸன் பிரபு ஒரு புதிய சட்டம் கொண்டுவந்தார். அதன்படி சர்வகலாசாலையின் ஆட்சி சபையான ஸெனட்டில் கல்கத்தாவில் நூறு பேர் வரை இருக்கலாம். அவர்களில் தேர்தல் மூலம் வருகிறவர்கள் இருபது பேர் மட்டுமே. பெரும்பாலோர் மேலிடத்து நியமனம். நம் சென்னைச் சர்வகலாசாலைக்கும் இதே சட்டம்தான். படித்த இந்தியர்கள் அரசியல் பேசத் தொடங்கிவிட்டார்கள். அவர்களை உருவாக்கும் இடத்தையே கைக்குள் வைத்துக்கொள்ள வேண்டும் என்பது இதன் உள்நோக்கம் என்று தேசபக்தர்கள் குற்றம் சாட்டினார்கள்.

ஆசுதோஷ் அப்போது சட்டசபையில் இருந்தார். மசோதாவை எதிர்த்தார். ஆனாலும் அது நிறைவேறியது.

இங்கேதான் அவருடைய சாமர்த்தியத்தைப் பார்க்க வேண்டும். அதே சட்டத்தின் மூலையில் ஒரு ஷரத்து இருந்தது. சர்வகலாசாலைகள் தாமே பேராசிரியர்களை நியமித்துப் பாடம் நடத்தலாம், ஆராய்ச்சி செய்யலாம் என்பது அது. 1906-ல் மின்டோ பிரபுவின் காலத்தில் ஆசுதோஷ் துணைவேந்தர் ஆனார். பூட்டுப் போடுவதற்காகச் செய்த சட்டத்தையே சாவியாக ஆக்கிக் கொண்டார்.

துணைவேந்தர் பதவிக்கு அப்போது சம்பளம் கிடையாது. பகலில் ஹைக்கோர்ட்டில் வழக்கு விசாரணை. கோர்ட் கலைந்ததும் சர்வகலாசாலை. இரண்டு இரண்டு வருஷமாக நான்கு முறை, 1914 வரை எட்டு வருஷம் தொடர்ந்து அந்தப் பதவியை வகித்தார்.

இரண்டு பள்ளிக்கூடங்கள்

அவர் பதவிக்கு வந்த காலம் எப்படிப்பட்டது தெரியுமா? 1905-ல் வங்காளத்தை இரண்டாகப் பிரித்தார்கள். தேசமே கொதித்தெழுந்தது. அந்நியத் துணியைப் பகிஷ்கரித்தார்கள். மாணவர்கள் தெருவில் வந்தே மாதரம் முழங்கினார்கள். அரசியல் கூட்டங்களுக்குப் போகும் மாணவர்களைக் கண்டிக்காத பள்ளிகளுக்கு உதவிப் பணம் நின்றுபோகும் என்று சர்க்கார் சுற்றறிக்கை விட்டது.

புதிதாகப் பிரிந்த கிழக்கு வங்காளத்தின் லெப்டினன்ட் கவர்னர் பாம்பீல்டு புல்லர். ஸிராஜ்கஞ்ச் ஊரில் இரண்டு பள்ளிக்கூடங்களின் மாணவர்கள் கலாட்டா செய்தார்கள் என்று அவருக்குக் கோபம். அந்தப் பள்ளிகளின் அங்கீகாரத்தையே ரத்து செய்யும்படி கல்கத்தா சர்வகலாசாலையைக் கேட்டார். அங்கீகாரம் போனால் அந்தப் பள்ளிகளின் பிள்ளைகள் எவரும் பரீட்சை எழுத முடியாது. சில பையன்கள் செய்ததற்கு ஊர்ப் பிள்ளைகள் அனைவருக்கும் தண்டனை!

இந்த விஷயம் ஸெனட்டில் விவாதத்துக்கு வந்தால் தேசமெங்கும் கொந்தளிப்பு மூளும் என்று இந்திய சர்க்காரே அஞ்சியது. கோரிக்கையை வாபஸ் வாங்கிக் கொள்ளும்படி புல்லருக்குச் சொன்னது. அவர் மறுத்து ராஜிநாமாவை நீட்டினார். 1906 ஆகஸ்டில் அந்த ராஜிநாமா ஏற்கப்பட்டது. பள்ளிக்கூடங்கள் பிழைத்தன. துரை ஊருக்குப் போனார்.

மூன்று விரிவுரையாளர்கள்

ஆனால் எப்போதும் இப்படி முடியவில்லை. 1913-ல் சர்வகலாசாலை மூன்று அறிஞர்களை விரிவுரையாளர்களாக நியமிக்கத் தீர்மானித்தது. அப்துல் ரசூல், அப்துல்லா சுஹ்ரவர்தி, காசி பிரசாத் ஜயஸ்வால் என்பவர்கள் அவர்கள். படிப்பில் மூவரும் சிறந்தவர்கள். ஜயஸ்வால் பிற்பாடு பழைய இந்திய சரித்திர ஆராய்ச்சியில் பெரும் புகழ் பெற்றவர்.

அப்போது இத்தகைய நியமனங்களுக்கு இந்திய சர்க்காரின் சம்மதம் தேவை. சர்க்கார் சம்மதிக்க மறுத்தது. காரணம் அரசியல். இவர்கள் அரசியல் இயக்கங்களில் சம்பந்தப்பட்டவர்கள் என்பதே அவர்கள்மேல் இருந்த குறை. அவர்களுடைய புலமையைப் பற்றி யாரும் குறை சொல்லவில்லை.

ஆசுதோஷும் ஸெனட்டும் கண்டனம் தெரிவித்தும் பயன் ஏற்படவில்லை. ஆனால் இந்த நிகழ்ச்சி அவர் நெஞ்சில் முள்ளாகத் தைத்தது. சர்க்கார் உதவிப் பணத்தை மட்டும் நம்பியிருக்கும் சர்வகலாசாலைக்கு முதுகெலும்பு இராது என்று அவர் கண்டுகொண்டார். தனவந்தர்களின் உதவியை அவர் ஏற்கெனவே நாடத் தொடங்கியிருந்தார். புகழ்பெற்ற வக்கீலான தாரக்நாத் பாலித் தம் சொத்தில் ஏறக்குறைய 15 லட்சம் ரூபாயை எழுதிவைத்தார். மற்றொரு பெரிய வக்கீலான ராஸ்பிஹாரி கோஷ் 10 லட்சம் கொடுத்தார். 1914 மார்ச்சில் விஞ்ஞானக் கல்லூரிக்கு அஸ்திவாரக் கல் நாட்டப்பட்டது. பாலித்தின் பணத்தில் ஏற்படும் பேராசிரியர் பதவிகள் இந்தியர்களுக்கே என்பது நிபந்தனை.

ஆள் தேடும் கண்

பணம் கிடைத்தது. ஆட்கள் வேண்டாமா? நகைக் கடைக்காரர் வைரத்தைப் பொறுக்குவதுபோல் ஆசுதோஷ் ஆள் பொறுக்கினார்.

திருச்சியில் பிறந்த ஓர் இளைஞர் கல்கத்தாவில் சர்க்கார் நிதி இலாகாவில் பெரிய உத்தியோகத்தில் இருந்தார். மாலையில் ஆபீஸ் முடிந்ததும் பௌபஜார் தெருவிலிருந்த விஞ்ஞானச் சங்கத்துக்குப் போய், தனியாக ஆராய்ச்சி செய்வார். அவர்தான் சி. வி. ராமன். ஆசுதோஷ் அவரைப் பௌதிகப் பேராசிரியராக அழைத்தார். அப்பதவிக்கு வருகிறவர் வெளிநாடு சென்று பயிற்சி பெற வேண்டும் என்று ஒரு விதி இருந்தது. இந்தியாவிலேயே ஆராய்ச்சி செய்யத் தெரிந்த நான் எதற்குப் போக வேண்டும் என்று ராமன் மறுத்துவிட்டார். ஆசுதோஷ் அவருக்காக அந்த விதியைத் தளர்த்தினார். 1917-ல் ராமன் சர்க்கார் வேலையை விட்டுச் சர்வகலாசாலைக்கு வந்தார். சம்பளம் ஏறக்குறையப் பாதியாயிற்று. 1930-ல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது உலகறிந்த விஷயம்.

இன்னொருவர் மேகநாத சாஹா. ஏழைக் குடும்பத்துப் பிள்ளை. டாக்கா பள்ளிக்கூடத்தில் படிக்கும்போது, மேலே சொன்ன அதே புல்லர் துரையின் வருகையைப் பகிஷ்கரித்ததற்காகப் பள்ளியிலிருந்து விலக்கப்பட்டவர். உபகாரச் சம்பளத்தையும் இழந்தவர். பின்னாளில் நிதி இலாகாப் பரீட்சை எழுதவும் அவரைச் சர்க்கார் அனுமதிக்கவில்லை. சந்தேகப் பேர்வழி என்று முத்திரை! ஆசுதோஷ் அந்த முத்திரையைப் பார்க்கவில்லை, மூளையைப் பார்த்தார். 1916-ல் சாஹாவையும் அவர் தோழர் சத்தியேந்திரநாத் போஸையும் விஞ்ஞானக் கல்லூரியில் சேர்த்துக் கொண்டார். நட்சத்திரங்களின் வெப்பத்தை அறிய வழிசெய்த சாஹாவின் சூத்திரமும், போஸின் பெயரால் வழங்கும் அணுக் கணக்கும் இன்று உலகெங்கும் பாடப் புத்தகங்களில் இருக்கின்றன.

1921-ல் தத்துவப் பேராசிரியர் பதவிக்கு மைசூரிலிருந்து ஒருவரை அழைத்தார். திருத்தணியில் பிறந்த எஸ். ராதாகிருஷ்ணன். பிற்காலத்தில் நம் ராஷ்டிரபதியாக விளங்கியவர்.

வங்காளி, தமிழர், வடக்கத்தியார், ஹிந்து, முஸ்லிம் என்ற வித்தியாசம் அவருக்கு இல்லை. ஆங்கிலமே அறிவு என்றிருந்த காலத்தில், தாய்மொழி இலக்கியத்தில் எம்.ஏ. படிக்கலாம் என்ற ஏற்பாட்டை 1919-ல் கொண்டுவந்தவரும் அவரே.

சுபாஷ் வந்தார்

1916-ல் பிரஸிடென்ஸி கல்லூரியில் ஒரு சம்பவம். ஓட்டன் என்ற ஆங்கிலப் பேராசிரியர் மாணவர்களை முரட்டுத்தனமாக நடத்தினார் என்று வேலைநிறுத்தம் நடந்தது. பிறகு மாணவர்கள் ஓட்டனை அடித்துவிட்டார்கள். கல்லூரி மூடப்பட்டது. சில மாணவர்கள் வெளியேற்றப்பட்டார்கள். அவர்களில் ஒருவர் சுபாஷ் சந்திர போஸ். வயது பத்தொன்பது.

சர்க்கார் ஒரு விசாரணைக் கமிட்டி போட்டது. அதன் தலைவர் ஆசுதோஷ். சுபாஷ் அவர்முன் சாட்சி சொன்னார். அடித்தது நியாயமா என்று கேட்டார்கள். நியாயம் அல்ல, ஆனால் மாணவர்களுக்குத் தாங்க முடியாத ஆத்திரமூட்டல் இருந்தது என்று சொல்லி, காரணங்களை அடுக்கினார். கமிட்டியின் அறிக்கை மாணவர்களைத் தூக்கி வைத்துப் பேசவில்லை. பேராசிரியர்மீது கை வைப்பதை ஆசுதோஷ் ஒருநாளும் ஏற்கக் கூடியவர் அல்ல.

ஆனால் தண்டனைக்கும் ஓர் எல்லை வேண்டும் அல்லவா? ஒரு கெட்டிக்காரப் பையனின் படிப்பை ஆயுசுக்கும் மூடிவிடுவது எந்த நீதி? சுபாஷ் பிறகு ஆசுதோஷை அணுகினார். 1917-ல் சர்வகலாசாலை கதவைத் திறந்தது. சுபாஷ் ஸ்காட்டிஷ் சர்ச் கல்லூரியில் சேர்ந்து பட்டம் பெற்றார்.

இரு பக்கமும் அடி

மத்தளத்துக்கு இரு பக்கமும் அடி என்பார்கள். ஆசுதோஷின் நிலையும் அதுதான். சர்க்கார் அவரைச் சந்தேகக் கண்ணோடு பார்த்தது. தேசபக்தர்களோ, அந்நியன் அமைத்த சர்வகலாசாலை அடிமைகளைத் தயாரிக்கும் கூடம் என்று சொன்னார்கள்.

1920-ல் காந்திஜி ஒத்துழையாமை இயக்கத்தைத் தொடங்கினார். சர்க்கார் சம்பந்தமுள்ள பள்ளிகளையும் கல்லூரிகளையும் விட்டு வெளியேறும்படி மாணவர்களுக்கு அழைப்பு வந்தது. கல்கத்தாவில் தேசபந்து சித்தரஞ்சன் தாஸின் குரலைக் கேட்டு ஆயிரக்கணக்கான மாணவர்கள் வெளியே வந்தார்கள். 1921-ல் ஆசுதோஷ் மறுபடியும் துணைவேந்தர். சர்வகலாசாலையை மூட அவர் சம்மதிக்கவில்லை. அரசியல் வரும், போகும். கல்விச்சாலை ஒரு முறை இடிந்தால் மறுபடி கட்ட ஒரு தலைமுறை ஆகும் என்பது அவர் கருத்து. இதற்காக அவரை ஏசியவர்கள் உண்டு. கல்விச்சாலை சர்க்காரின் கைத்தடியாகவும் இருக்கக் கூடாது, கட்சிகளின் கொடிக்கம்பமாகவும் ஆகக் கூடாது என்று அவர் எண்ணினார்.

இரண்டரை லட்சம்

புதிய சீர்திருத்தச் சட்டத்தின்படி மாகாணக் கல்வி இலாகா இந்திய மந்திரியின் கைக்கு வந்தது. இனி கஷ்டம் தீரும் என்று நினைத்தவர்கள் ஏமாந்தார்கள்.

சர்வகலாசாலைக்குப் பணமுடை. விஞ்ஞானம், சரித்திரம், மொழிகள் என்று ஆசுதோஷ் துறை துறையாக விரித்துவிட்டார். மாணவர்கள் வெளியேறியதால் பரீட்சைக் கட்டண வரும்படியும் குறைந்தது. ஆசிரியர்களுக்குச் சம்பளம் பாக்கி விழுந்தது. 1922-ல் வங்காள சர்க்கார் இரண்டரை லட்சம் ரூபாய் தர முன்வந்தது. ஆனால் கூடவே நிபந்தனைகள். கேட்காமல் புதிதாக எதையும் விரிவுபடுத்தக் கூடாது. வரவு செலவு விஷயத்தில் சர்க்கார் சொன்னபடி நடக்க வேண்டும்.

பணம் கொடுப்பவன் கணக்குக் கேட்பது தவறா என்று வாசகர்கள் கேட்கலாம். நல்ல கேள்வி. ஜனங்களின் வரிப்பணத்துக்குக் கணக்குக் காட்டத்தான் வேண்டும். ஆனால் கணக்குப் பார்ப்பது வேறு, கடிவாளம் போடுவது வேறு. இன்று எந்தத் துறைக்குப் பணம் இல்லை என்று சொல்கிறவன், நாளை எந்த ஆசிரியர் வேண்டாம் என்று சொல்லுவான். மறுநாள் எந்தச் சரித்திரத்தைப் படிக்கக் கூடாது என்றும் சொல்லுவான். 1913-ல் மூன்று விரிவுரையாளர்களுக்கு நடந்ததை ஆசுதோஷ் மறந்துவிடவில்லை.

1922 டிசம்பரில் ஸெனட் கூடியது. ஆசுதோஷ் எழுந்தார். ஒரு கையில் அடிமைத்தனத்தையும் மறு கையில் பணத்தையும் வைத்துக்கொண்டு நீட்டுகிறார்கள். எனக்கு வேண்டாம் என்ற கருத்தில் கர்ஜித்தார். வங்காளம் முழுவதும் வீடு வீடாகப் போய்க் கையேந்தினாலும் ஏந்துவோம், சுதந்திரத்தை விற்கமாட்டோம் என்றார். சம்பளம் வராமல் தவித்த ஆசிரியர்களே அவர் பக்கம் நின்றார்கள். ஆசிரியர்களின் வீட்டிலும் அடுப்பு எரிய வேண்டுமே! அப்படியிருந்தும் நின்றார்கள் என்பதுதான் இதில் பெரிய விஷயம்.

கவர்னருக்குப் பதில்

இப்போது முதலில் சொன்ன கடிதத்துக்கு வருவோம். 1921 முதல் வங்காள கவர்னரே கல்கத்தா சர்வகலாசாலையின் வேந்தர். துணைவேந்தரை நியமிப்பது சர்க்கார். சர்வகலாசாலையின் மீது பிடியை இறுக்கும் ஒரு மசோதாவையும் சர்க்கார் தயாரித்துக் கொண்டிருந்தது. ஆசுதோஷ் அதை எதிர்த்தார். அதனால்தான் உறுதிமொழி கேட்டு எழுதினார் லிட்டன் பிரபு.

ஆசுதோஷ் நெடுநாள் யோசிக்கவில்லை. மார்ச் மாதத்திலேயே பதில் போய்விட்டது. நீண்ட பதில். குற்றச்சாட்டுகளை ஒவ்வொன்றாக எடுத்து மறுத்தார். துணைவேந்தர் என்பவர் கவர்னரின் இஷ்டப்படி ஆடும் ஆள் அல்ல என்பதை விளக்கினார். சர்க்காரின் யோசனையில் சர்வகலாசாலைக்கு நன்மை இருந்தால் ஆதரிப்பதும், தீமை இருந்தால் எதிர்ப்பதும் அந்தப் பதவியின் கடமை என்று காட்டினார். சொன்னபடி கேட்கும் மனிதர் வேண்டுமானால் வேறு ஒருவரைத் தேடிக் கொள்ளலாம் என்று எழுதினார். முடிவில், தம் சுயமரியாதைக்கு இழுக்கான அந்த அழைப்பைத் தாம் நிராகரிப்பதாகத் தெரிவித்தார்.

கடிதங்கள் பத்திரிகைகளில் வெளியாயின. ஊரெங்கும் இதே பேச்சு. பதவியை ஏலம் கேட்கிறவர்கள் மலிந்த காலத்தில், கைக்கு வந்த பதவியைக் காலால் தள்ளிய மனிதரைக் கண்டு ஜனங்கள் பூரித்தார்கள். பூபேந்திரநாத் பாசு என்பவர் அடுத்த துணைவேந்தர் ஆனார்.

ஆசுதோஷ் அதன் பிறகும் ஸெனட்டை விட்டு விலகவில்லை. பதவி போனதே தவிர, பணி போகவில்லை. நீதிபதி வேலையிலிருந்து ஓய்வு பெற்று, மறுபடி வக்கீலாக வழக்காடத் தொடங்கினார்.

பாட்னாவில் முடிந்த பயணம்

பீஹாரில் டும்ராவ் ஜமீன் வழக்கு ஒன்று. அதற்காகப் பாட்னா போயிருந்தார். அங்கே நோய் கண்டது. 1924 மே 25-ந் தேதி காலமானார். அறுபது வயது நிறைய இன்னும் ஒரு மாதத்துக்குச் சற்று அதிகமே இருந்தது.

உடலைக் கல்கத்தாவுக்கு ரயிலில் கொண்டுவந்தார்கள். ஹௌராவிலிருந்து வழியெங்கும் மக்கள் வெள்ளம். சர்க்காரின் பட்டம் பெற்ற ஸர் ஒருவருக்காக, சர்க்காரை எதிர்த்த வாலிபர்கள் அழுத காட்சி அது.

அவர் சேர்த்த புத்தகங்கள் 80,000-க்கும் மேல். குடும்பத்தார் அவற்றைத் தேசிய நூலகத்துக்குக் கொடுத்துவிட்டார்கள். அவருடைய புதல்வர் சியாமா பிரசாத் முகர்ஜி 1934-ல், முப்பத்து மூன்றாம் வயதில், அதே சர்வகலாசாலைக்குத் துணைவேந்தர் ஆனார்.

குறையும் உண்டு

ஆசுதோஷிடம் குறையே இல்லை என்று சொன்னால் அது முழு உண்மை ஆகாது. எல்லாவற்றையும் தம் கைக்குள் வைத்திருந்தார், தமக்கு மாறான பேச்சை எளிதில் பொறுக்கமாட்டார் என்று குறை கூறியவர்கள் இருந்தார்கள். பரீட்சைகளில் தாராளமாகப் பாஸ் போட்டுப் படிப்பின் தரத்தைக் குறைத்துவிட்டார் என்றும் சொன்னார்கள். சரித்திர மேதை யதுநாத் சர்க்கார் அப்படிக் கண்டித்தவர்களில் முக்கியமானவர். சர்வகலாசாலைக்கு வெளியாரின் பிடி கூடாது என்று போராடியவர், உள்ளே தம் பிடியைக் கொஞ்சம் தளர்த்தியிருக்கலாம். சுதந்திரம் என்பது தலைவருக்கு மட்டும் அல்லவே. கீழே இருக்கிற ஆசிரியருக்கும் மாணவருக்கும் சேர்ந்ததுதானே!

ஆனாலும் ஒன்றை யாரும் மறுக்க முடியாது. யாருடைய அரசியல் எது என்று அவர் பார்க்கவில்லை. சர்க்கார் ஒதுக்கிய சாஹாவைச் சேர்த்தார். சர்க்கார் வேலையில் இருந்த ராமனையும் சேர்த்தார். வெளியேற்றப்பட்ட சுபாஷுக்கும் இடம் இருந்தது. அறிவு எங்கே இருக்கிறது என்ற ஒரே கேள்விதான் அவருக்கு.

வெள்ளைக்கார சர்க்கார் போய்விட்டது. வைஸ்ராயும் இல்லை, லிட்டன் பிரபுவும் இல்லை. ஆனால் கல்விச்சாலையைத் தன் கொடியின் கீழ் நிறுத்த வேண்டும் என்ற ஆசை எந்தக் காலத்து ஆட்சிக்கும், எந்தக் கட்சிக்கும் வரக்கூடியதுதான். அப்படி வரும்போது, பணத்தையும் பதவியையும் காட்டி அழைக்கும்போது, முடியாது என்று சொல்ல ஒரு மனிதர் வேண்டும். உங்கள் வீட்டுப் பிள்ளை கல்லூரிக்குப் போகும்போது, அங்கே அவனுக்குச் சொல்லிக் கொடுப்பவர் யாருக்கும் பயந்து பாடம் நடத்தாதவராக இருக்க வேண்டும் என்று நீங்கள் விரும்புவீர்கள் அல்லவா? அதற்காகத்தான் அந்த மீசைக்காரர் கவர்னரின் அழைப்பை நிராகரித்தார்.